“அவனுக்கு வீடில்லையோ?”: பழைய லாண்ட் ரோவரில் படுத்துறங்குபவர்களைப் பற்றி

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தியின் மகன் ஒருநாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வேல்ஸ் பக்கம் ஏதோவொரு மலையடிவாரம். தூறல் மழை. ஒரு பழைய பச்சைநிற லாண்ட் ரோவர். அதன் பின்பக்கத்திலிருந்து இழுத்துக் கட்டிய தறப்பாள். தறப்பாளுக்குக் கீழே ஒரு சின்ன அடுப்பு, கேத்தில், மடக்குக் கதிரை. கதிரையில் கம்பளித் தொப்பியோடு அவன். “ரெண்டு நாள் இதுக்குள்ளதான் அக்கா படுக்கை. சொர்க்கம்” என்று கீழே எழுதியிருந்தான்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஏன் பிள்ளை, அவனுக்கு வீடில்லையோ? வீட்டுக்காரன் எழுப்பிப்போட்டானோ?”

அம்மா பகிடிக்குக் கேட்கவில்லை. 2008இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து நாங்கள் படுத்தது உழவு இயந்திரப் பெட்டிக்குக் கீழேதான். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று இடங்கள் மாறின. பெட்டியும் தறப்பாளும் மாறவில்லை. அதன்பிறகு மெனிக் பாம். வாகனத்தோடு தறப்பாளைக் கட்டி அதற்குக் கீழே ஒருவர் இருந்தால், அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்பதுதான் அம்மா படித்த பாடம்.

சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. ‘காம்ப்’ என்றால் எங்கள் வாயில் ஒன்றில் ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதி முகாம். ‘காம்பிங் போகிறோம்’ என்று ஒருவர் சந்தோசமாகச் சொல்வதைக் கேட்க எங்களுக்கு இன்னும் ஒரு நொடி பிடிக்கிறது. ஆனால் உலகத்தில் ஏராளமான பேர் கைச்செலவு செய்து, லீவு எடுத்து, ஐம்பது அறுபது வருடப் பழைய லாண்ட் ரோவர்களில் போய்ப் படுத்துவிட்டு வருகிறார்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று அந்தப் படத்துக்குப் பிறகு தேடித்தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, எங்களுக்குப் பழக்கமான விசயங்களாகவே வந்துகொண்டிருந்தன.

போரின் மிச்சத்தில் செய்த வாகனம்

முதலாவது, லாண்ட் ரோவரே ஒரு போரின் மிச்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ரோவர் கார் நிறுவனத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் காணியில் ஒரு அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். இராணுவம் கழித்துவிட்ட ஜீப். அது முற்றாக உடைந்தால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்விதான் தொடக்கம் என்று சொல்வார்கள். 1947இல் ரெட் வார்ஃப் கடற்கரை மணலில் அவர் ஒரு கோட்டுப்படம் கீறிக் காட்டினார் என்பது அந்த நிறுவனமே சொல்லிவரும் கதை.

பிரித்தானியாவில் அப்போது உருக்குக்குப் பங்கீடு. அலுமினியமோ விமானத் தொழிற்சாலைகள் வேலை குறைந்துபோனதால் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். வளைவு நெளிவுகளுக்குப் பெரிய அச்சு இயந்திரங்கள் வேண்டும். அதற்கும் காசில்லை. அதனால்தான் அந்த வாகனம் இன்றைக்கும் தகரப் பெட்டி மாதிரித் தட்டையாக இருக்கிறது. முதல் வாகனங்களுக்கு அடித்த பச்சைப் பூச்சும் இராணுவத்தின் மிகுதிச் சரக்கு என்றே சொல்லப்படுகிறது. இப்போது ‘அழகு’ என்று விலைபேசப்படும் எல்லாமே அன்றைக்குக் கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்தது.

1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் அது வெளியே வந்தது. விவசாயிகளை மனதில் வைத்துச் செய்தது. எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து அரிவு இயந்திரம் போன்றவற்றை ஓட்டவும் வசதி இருந்தது, எங்கள் லாண்ட்மாஸ்டரில் தண்ணீர்ப் பம்பு பூட்டுவது மாதிரி. 1958இல் இரண்டாவது தொடர், 1971இல் மூன்றாவது தொடர். அது 1985 வரை வந்தது. இந்த மூன்று தொடர்களையும்தான் பிரியர்கள் ‘சீரீஸ்’ என்று தனியாகப் பிரித்துக் கொண்டாடுகிறார்கள். டிபென்டர் என்ற பெயர் 1990இல் வந்தது. அந்தப் பழைய வடிவம் 2016 ஜனவரியோடு நின்றது. இலங்கையில் தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் ஒருகாலம் ஓடித்திரிந்தவை பெரும்பாலும் இந்தச் சீரீஸ் வாகனங்கள்தான்.

தூரம் போனவர்கள்

இந்த வாகனத்தில் படுத்துறங்கி ஊர்சுற்றுவது ஒரு மோகமாக மாறியதற்குச் சில பயணங்கள் காரணம். அவுஸ்திரேலியாவில் பிறந்த பார்பரா ரோய் என்ற பெண், 1950இல் ஜிப்ரால்டரிலிருந்து தன் லாண்ட் ரோவரில் தனியாகப் புறப்பட்டு வட ஆபிரிக்கா வழியாகப் பாக்தாத் வரை போனார். வாகனத்துக்குப் பொலியானா என்று பெயர் வைத்திருந்தார். ஒரு பெண் தனியாக மோட்டார் சைக்கிளில் போனாலே சந்திக்குச் சந்தி விசாரிக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை வாசிக்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்தது, 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்ட ஆறு பல்கலைக்கழக மாணவர்கள். இரண்டு லாண்ட் ரோவர். கடும்நீலம் ‘ஒக்ஸ்போர்ட்’, இளநீலம் ‘கேம்பிரிட்ஜ்’. ஆங்கிலக் கால்வாயை மட்டும் விட்டால் மிச்சமெல்லாம் தரைவழி. 1956 மார்ச் 6ஆம் திகதி சிங்கப்பூரில் போய் நின்றார்கள். அப்போது பிபிசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அற்றன்பரோதான் அவர்களுக்குப் படச்சுருள் கொடுத்து உதவியவர்.

அந்தப் பயணத்தின் மிகக் கடினமான துண்டு அசாமிலிருந்து பர்மாவுக்குள் போகும் லீடோ வீதி. சீனாவுக்குப் பொருட்கள் அனுப்புவதற்காக நேச நாடுகள் போர்க்காலத்தில் வெட்டிய பாதை அது. பத்து வருடத்தில் காடு அதை விழுங்கத் தொடங்கியிருந்தது. போருக்காகப் போட்ட பாதையில், போரின் மிச்சத்திலிருந்து பிறந்த வாகனத்தில், போர் முடிந்த தலைமுறையின் பெடியள் உல்லாசமாகப் போனார்கள். ‘ஒக்ஸ்போர்ட்’ வாகனம் பல கைகள் மாறி, உக்கிக் கிடந்து, திருத்தப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மறுபடி ஓடியும் வந்துவிட்டது.

எப்படிப் படுக்கிறார்கள்?

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்ரன் நகரில் இருந்த மார்ட்டின் வோல்ரர் நிறுவனம் 1960களில் ‘டோர்மொபைல்’ என்ற பெயரில் லாண்ட் ரோவர்களை நடமாடும் வீடாக மாற்றிக் கொடுத்தது. கூரை ஒரு பக்கமாக எழும்பும். கோடு போட்ட கன்வஸ் துணி சுவராகும். கூரைக்குள் தொட்டில்போலப் படுக்கை, கீழே மடக்கினால் கட்டிலாகும் இருக்கைகள், சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி. அது வசதியான முறை. சித்தி மகன் செய்வது அதுவல்ல. அவனைப் போன்றவர்கள் வாகனத்தில் ஒரு ஆணிகூட மேலதிகமாக அடிப்பதில்லை.

இரண்டாவது, மூன்றாவது தொடர் வாகனங்களில் 88, 109 என்று இரண்டு அளவுகள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் அது, அங்குலத்தில். 109இன் பின்தட்டில் ஆறடி ஆள் காலை நீட்டலாம். 88இல் நாலடி சொச்சம்தான். பின்பலகையை இறக்கி, அதற்கு மேலாக ஒரு பலகையை நீட்டி, கால்பக்கத்தைத் தறப்பாளுக்குக் கீழே விடுவார்கள், அல்லது குறுக்கு மூலையாக முடங்குவார்கள். இரண்டு பக்கமும் சில்லுக்கு மேலே பெட்டிபோல எழும்பி நிற்கும். அந்தப் பெட்டிகளுக்குக் குறுக்கே பலகை போட்டால் மேலே பாய், கீழே சாமான். அவ்வளவுதான். பெட்டிக்கு மேலே பலகை, பலகைக்குக் கீழே அரிசிச் சாக்கு, சாக்குக்குப் பக்கத்தில் கடைசித் தம்பி. எங்களுக்கு இது விளங்கப் படம் தேவையில்லை.

வெக்கைக்கு அவர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. வெப்ப நாடுகளுக்கு வந்த வாகனங்களில் கூரைக்கு மேலே இன்னொரு கூரைத் தகடு, நடுவில் காற்றுப்போக இடைவெளி விட்டுப் பூட்டியிருப்பார்கள். வெயில் மேல்தகட்டில் விழும். இடையில் போகும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு மடல் இருக்கும். அதைத் திறந்தால் நேரடியாக வெளிக்காற்று. தகரக் கொட்டிலுக்கு மேலே கிடுகு பரப்பிய எவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். மழை என்றாலும் குளிர் என்றாலும் மூடிய வாகனத்துக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு படுக்கவும் கூடாது. காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இரவில் இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். திறந்தால் நுளம்பு வரும். ஆகவே வலை வேண்டும். வன்னியில் என்றால் இன்னும் இரண்டு: வற்றிக் கிடக்கிறதே என்று ஆற்று மணலிலோ குளத்தின் உட்பக்கத்திலோ வாகனத்தை விட்டுப் படுக்கக் கூடாது, மேலே பெய்த மழை இரவோடிரவாக வந்து சேரும். அரிசி, உப்பு, பழம் எதையும் தலைமாட்டில் வைக்கக் கூடாது. யானைக்கு மூக்கு நீளம்.

மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகள்

வெளிநாட்டுப் பிரியர்கள் எழுதுவதை வாசித்தால், பழைய லாண்ட் ரோவரின் பெரிய பெருமை ‘வீதியோரத்தில் நின்று நாங்களே திருத்தலாம்’ என்பதுதான். கணினி கிடையாது. ஒரு பை நிறையச் சாவி இருந்தால் பாதியைக் கழற்றலாம். முன் பம்பரில் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள்ளால் இரும்புக் கைபிடியை விட்டுச் சுற்றினால் பற்றறி இல்லாமலே ஸ்ராட் ஆகும். இதையெல்லாம் அவர்கள் ஒரு விளையாட்டாக, வார இறுதிப் பரிசோதனையாகச் செய்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்தவர்கள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. பெற்றோல் தடை, பற்றறி தடை. ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருந்து, சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சூடு பிடித்தால் ஆவியாகும். அந்தக் காலத்து எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு. அதனால் தரம்குறைந்த எரிபொருளையும் முக்கி முனகியாவது தாங்கிக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். புகையும் அந்த மணமும் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் அதே காலம்தான்.

எளிமையான வாகனம் என்றால் என்ன என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய மெக்கானிக்குகள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டுகிறது. அவர்களிடம் கேட்டு யாரும் எழுதிவைக்கவில்லை. அங்கே ‘லாண்ட் ரோவரை நீங்களே திருத்துவது எப்படி’ என்று தடித்தடிப் புத்தகங்கள் வருகின்றன. இங்கே அந்த அறிவு கராஜ் வாசலில் பழைய கதிரையில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

ஆசை வந்தால்

2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்கிடையில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. துருப்பிடித்த லாண்ட் ரோவருக்கும் மரியாதை வந்தது. வாங்க நினைப்பவர்கள் மேலுடம்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அலுமினியம் உருக்கைப்போலத் துருப்பிடிக்காது. அதற்குக் கீழே இருக்கும் உருக்குச் சட்டம் உக்கும். கடற்கரை ஊர்களில் ஓடியது என்றால் இன்னும் மோசம். சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து, சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். பல வாகனங்களில் மூல எஞ்சினைக் கழற்றி ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டியிருப்பார்கள். பதிவுப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மூல பெற்றோல் எஞ்சின் என்றால் லீற்றருக்கு ஆறேழு கிலோமீற்றர் ஓடும். 2022 தட்டுப்பாட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் தந்தார்களே, அதை வைத்துக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வெளிக்கிட்டால் திரும்பிவரும்போது தள்ளவேண்டி வந்திருக்கும்.

எங்கே போய்ப் படுப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தேசிய பூங்காக்களில் வனசீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாம் இடங்களில், முன்கூட்டியே அனுமதி எடுத்து, காசு கட்டித்தான் தங்கலாம். எங்களுக்குக் கிட்ட இருக்கும் பெரிய பூங்கா, போர்க்காலத்தில் நீண்டகாலம் மூடிக்கிடந்து 2010இல் திறந்த வில்பத்து. மற்றக் காடுகளுக்குள் நினைத்தபாட்டுக்கு இறங்க முடியாது.

அதோடு இந்த வாகனத்தின் முழு அர்த்தமே வீதியை விட்டு இறங்குவது. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததோ வீதியை விட்டு இறங்காதே என்று. முகமாலையில் மண்டையோட்டுப் பலகைகளுக்கு நடுவே பெண்கள் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டியதை ஏ9 வீதியால் போனவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். 2002 போர்நிறுத்தத்தோடு தொடங்கிய வேலை. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகள் செய்துவந்தவை. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். அதுவரைக்கும், நாலு சில்லும் இழுக்கும் வாகனம் கையில் இருக்கிறது என்பதற்காக வடக்கின் பற்றைக்குள்ளோ கைவிட்ட தென்னங்காணிக்குள்ளோ புதிதாகத் தடம் போடுவது வீரம் கிடையாது. சனம் ஏற்கெனவே புழங்கும் பாதை, விளங்காவிட்டால் ஊர்க்காரரிடம் அல்லது கிராம சேவகரிடம் கேட்பது. வேறு வழியில்லை.

சித்தி மகன் போன மார்கழியில் வந்தான். வவுனியாவில் தெரிந்த ஒருவரிடம் 109 லாண்ட் ரோவர் ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் எடுத்திருந்தான். காட்டுக்குப் போகலாம் என்றான். அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் எங்கள் காணியிலேயே, கிணற்றுக்கு அங்கால், மாமரத்துக்குக் கீழே நிறுத்தினோம். 2010இல் மீளக்குடியேறியபோது நாங்கள் முதல் தறப்பாள் கட்டிய இடம் அதுதான் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. பலகை போட்டுப் பாய் விரித்தோம். பின்பக்கம் தறப்பாளை இழுத்துக் கட்டினான். மண்ணெண்ணெய் அடுப்பில் பிளேன்ரீ. அவன் ஆறுதலாகச் சாய்ந்து இருந்தான். எனக்கு முதல் ஒரு மணித்தியாலம் நெஞ்சு இடித்துக்கொண்டே இருந்தது. பிறகு குறைந்தது. தவளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஒன்பது மணிபோல மழை பிடித்தது. தறப்பாளின் நடுவில் தண்ணீர் தேங்கி, வயிறு மாதிரித் தொங்கியது. சித்தி மகன் கையால் தள்ளிப் பார்த்தான், முழுத்தண்ணீரும் அவன் கழுத்துக்குள் போனது.

வீட்டுக் கதவு திறந்தது. அம்மா உரப்பையைத் தலையில் கொளுவிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு வந்தார். எதுவும் பேசாமல் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துத் தாழ்த்திக் கட்டினார். கம்பின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, நடுவில் முட்டுக் கொடுத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி விழுந்தது.

“நடுவுக்குக் கம்பு குடுக்காமல் ஆரடா தறப்பாள் கட்டுறது?” என்றார்.

“பெரியம்மா, நீங்க இங்கிலாந்துக்கு வந்து எங்களுக்குப் படிப்பிக்கோணும்” என்றான் அவன்.

அம்மா சிரித்தார். மடக்குக் கதிரையில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்தார். வாகனத்துக்குள் எட்டிப் பார்த்து, பாய் நனையவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். மழை விட்டதும் எழும்பி வீட்டுக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தார்.